சுக்கு ஏறிய நான்காவது மலை

சுக்கு ஒரு வரையாட்டுப் பொம்மை. நின்றால் நான்கு விரல் உயரம். துணி உடம்பு, பஞ்சு வயிறு, கறுப்பு பிளாஸ்டிக் கண்கள் இரண்டு, கொம்பு ஒன்று. இன்னொரு கொம்பைத் தைக்க மறந்துவிட்டார்கள். சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவில் நான் பில் போடும் விளையாட்டுச் சாமான் மொத்தக்கடையில், விற்காது என்று கழித்த பொம்மைகளுக்கு ஒரு பெட்டி உண்டு. அதில் கிடந்தது. முதலாளி தாணுமாலையன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இது ஆடா, காய்ஞ்ச சுக்கா?" என்றார். நிறமும் அப்படித்தான், சுருக்கமும் அப்படித்தான். பெயர் அன்றைக்கே விழுந்துவிட்டது. நான் கேட்டேன், கொடுத்துவிட்டார்.

தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு மலையாளம் எழுதச் சொல்லிக்கொடுக்கும் மாலை வகுப்பு நடக்கிறது. வாரம் மூன்று நாள், ஆறரை மணிக்கு. ராஜபாய் டீச்சர் எல்லோரையும் நாட்குறிப்பு எழுதச் சொன்னார். முதலில் தமிழில் எழுத வேண்டும், பிறகு அதையே மலையாளத்தில். எனக்கு எழுத என்ன இருக்கிறது? கடை, பஸ், வகுப்பு. அதனால் என் ஆட்டின் நாட்குறிப்பை எழுதட்டுமா என்று கேட்டேன். "ஆடு எழுதினாலும் எழுத்துப்பிழை உன் கணக்கிலதான் வரும் நாச்சியார்" என்றார் டீச்சர்.

நோட்டில் கட்டம் போட்டேன். தேதி, மலை, கிளம்பிய நேரம், உச்சியைத் தொட்ட நேரம், காற்று, பயம். அதற்குக் கீழே சுக்கு பேசும். பயம் என்ற கட்டத்தில் எப்போதும் 'இல்லை'.

எங்கள் வகுப்பில் ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறவர்கள் மூன்று பேர். தக்கலைக்காரி சபீனா, மொபைல் கடையில் வேலை, என் வயதுதான். நாங்குநேரியிலிருந்து வந்து டைல்ஸ் பதிக்கும் லிங்கராஜ் அண்ணன். பிறகு நான். நோட்டின்படி சுக்கு மூன்று மலை ஏறியிருக்கிறது. காளிமலை, திரவியப்பாறை, மருத்துவாழ்மலை. மூன்று உச்சியிலும் அது ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருக்கும் படம் ஒட்டியிருக்கிறேன்.

அந்த மூன்று உச்சிக்கும் நான் போகவில்லை.

கடையில் பரண்மேல் இருக்கும் மூட்டையை எடுக்க ஏணி உண்டு. நான்காவது படிக்குமேல் என் முழங்கால் ஆடும். எண்ணிப் பார்த்திருக்கிறேன், எப்போதும் நான்காவதுதான். மலையிலும் அப்படித்தான். நடக்கிற இடம்வரை நடப்பேன். கடைசிப் பாறை வந்ததும் லிங்கராஜ் அண்ணன் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டுவார். சுக்குவை அந்தக் கையில் வைப்பேன். அவர் இறங்கி வந்ததும் நோட்டோடு உட்கார்ந்து விசாரிப்பேன்.

"மேல என்ன இருந்துச்சு அண்ணே?"

"கல்லு இருந்துச்சு."

"காத்து?"

"அடிச்சுது."

"எந்தப் பக்கமிருந்து?"

"மேக்க இருந்துன்னு போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். மூன்று மலைக்கும். அதற்குக் கீழே 'உச்சியில் நின்றேன், என் ஒற்றைக் கொம்பில் மேற்கே இருந்து வந்த மேல்காற்று உரசியது' என்று சுக்கு பேசியது. டீச்சருக்கு அந்த வரி மிகவும் பிடித்துவிட்டது. பிப்ரவரியில் வகுப்பின் ஆண்டு நிறைவு நாளில் எல்லார் முன்னாலும் இந்த நோட்டை நான் வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். வாசிக்கும்போது யாராவது எழுந்து, "நீ ஏறினியா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? ஒருவரும் கேட்காவிட்டால் அது இன்னும் மோசம் என்றும் தோன்றியது.

சபீனாதான் முதலில் பிடித்தாள். நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவள், "எட்டி நாச்சி, உனக்க ஆடு எங்க போனாலும் மேக்கக் காத்தையும் கூட்டிட்டுத்தான் போகுமா?" என்றாள்.

நான் நோட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஜனவரியில் அகஸ்தியர்கூட மலைக்கு அனுமதிப் பதிவு திறந்த காலையில், சபீனா தன் கடையில் மூன்று போனை வரிசையாக வைத்துக்கொண்டு மூன்று பாஸ் எடுத்துவிட்டாள். மூன்று நாள் பயணம். உடல்தகுதிச் சான்று வேண்டும் என்றார்கள். டாக்டர் என் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டு, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். ஏணியைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதிகாலை பஸ்ஸில் போணக்காடு போய் இறங்கினோம். காட்டுக்குள் நுழையும் இடத்தில் பையைப் பிரித்துப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் எது இருந்தாலும் குறித்துக்கொண்டு, திரும்பும்போது சரிபார்ப்பார்களாம். மேசையில் இருந்த காவலர் என் தண்ணீர் பாட்டிலைக் குறித்தார். டார்ச்சைக் குறித்தார். பிறகு சுக்குவை இரண்டு விரலால் தூக்கினார்.

"இது எந்தா?"

"வரையாடு சார்."

"உள்ளில்?"

"பஞ்சு."

"கண்ணோ?"

பொய் சொல்லியிருக்கலாம். "பிளாஸ்டிக்" என்றேன்.

லிங்கராஜ் அண்ணன் முன்னால் வந்தார். "சார், அது இந்த மலை ஆடுதான் சார். சொந்த வீட்டுக்குப் போகுது. அதுக்குப் போயி செக்கிங்கா?"

காவலர் சிரிக்கவில்லை. மீசை மட்டும் கொஞ்சம் அசைந்தது. என் பாஸ் எண்ணுக்கு நேராக 'ஆடு, சிறியது, 1' என்று மலையாளத்தில் எழுதினார். எழுத்துக்கூட்டி வாசித்தேன், முதல் தடவையிலேயே வாசிக்க வந்தது. பிறகு தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார். "குட்டியுடெ பேரிலாணு எழுதியது, உன் பேர்ல. நீதான் கொண்டு போகணும், நீதான் கொண்டு வரணும். கை மாறான் பாடில்ல, மாறக் கூடாது."

அது சட்டமா, அவர் அந்த நிமிடம் செய்த விதியா என்று எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

அன்று முழுவதும் நடை. ஆறுகளைக் கடந்து, புல்மேட்டில் வெயில் தாங்கி, காட்டுக்குள் அட்டைக்கு உப்புப் போட்டு, மாலைக்கு அதிருமலை முகாம் வந்து சேர்ந்தோம். கஞ்சியும் பயறும் கிடைத்தன. முகாமிலிருந்து பார்த்தால் உச்சிப் பாறை தெரிந்தது. கறுப்பாக, நேராக, யாரோ நிறுத்திவைத்த மாதிரி. நான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கஞ்சி குடித்தேன்.

மறுநாள் காலை 7.05க்குக் கிளம்பினோம். சபீனாவின் போனில் 7.08. எது சரி என்று தெரியாததால் இரண்டையும் குறித்திருக்கிறேன். ஒரு பாறை மேட்டில் வழிகாட்டி குனிந்து, கறுப்பாகக் கிடந்த சிறு உருண்டைகளைக் காட்டினார். வரையாட்டுப் புழுக்கை, நேற்றையது என்றார். சபீனா சுக்குவை வாங்கி அதன் பக்கத்தில் நிறுத்தி, "பாரு, உனக்க மாமன் மச்சான் எல்லாம் வந்து காத்துக் கிடந்துட்டுப் போயிருக்காவ. நீ லேட்டு" என்றாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. அதுவும் கை மாறியதில் சேருமா என்று எனக்குக் கொஞ்ச தூரம்வரை உறுத்தல்.

கடைசியில் அந்த இடம் வந்தது. ஈரப் பாறை சரிந்து மேலே போகிறது. அதன்மேல் தடித்த கயிறு தொங்குகிறது. முன்னால் போகிறவர்கள் கயிற்றைப் பிடித்து, பாறையில் பாதத்தை ஊன்றி, முதுகை வளைத்து ஏறிக்கொண்டிருந்தார்கள். மூடுபனி வந்து அவர்களின் காலை மட்டும் மறைத்தது.

லிங்கராஜ் அண்ணன் வழக்கம்போல் கையை நீட்டினார்.

நானும் வழக்கம்போல் பைக்குள் கையை விட்டேன். சுக்கு விரலில் தட்டியது. வெளியே எடுத்தும்விட்டேன்.

"குடு, நான் கொண்டு வச்சு போட்டோ புடிச்சிட்டு வாரேன்."

"என் பேர்ல எழுதியிருக்கு அண்ணே."

"அந்த மீசைக்காரரு இங்க வந்து பாக்கப் போறாராக்கும்? அவரு நேத்தே உன்ன மறந்திருப்பாரு."

"அவர் மறந்திருப்பார். நோட்டுல இருக்குல்ல."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. யாரோ ஒரு காவலரின் நோட்டில் உள்ள ஒரு வரி பொய்யாகிவிடக் கூடாது என்று இவ்வளவு யோசிக்கிறேன். என் சொந்த நோட்டில் மூன்று பக்கம் இருக்கிறது.

சபீனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதையாவது சொல்லிக் கிண்டல் செய்வாள் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. அவள் தன் துப்பட்டாவைக் கழற்றி, சுக்குவை என் நெஞ்சோடு சேர்த்துக் குறுக்காக இறுக்கிக் கட்டினாள். "அண்ணன் முன்னால போட்டும். நான் உனக்க பின்னால வாறேன். கீழ பாக்காத. பாத்தா எனக்க மூஞ்சிதான் தெரியும், அதுல பாக்க ஒண்ணும் இல்ல."

கயிறு ஈரமாக இருந்தது. ஒரு பிடி, ஒரு காலடி. நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதில் முழங்கால் ஆடியது. எனக்குத் தெரியும், ஆடும் என்று. கடை ஏணியில் அந்த இடத்தில் நான் இறங்கிவிடுவேன். இங்கே இறங்க வேண்டுமென்றால் சபீனாவின் தலையில்தான் கால் வைக்க வேண்டும்.

"எட்டி, நின்னுட்டியா?"

"முட்டு ஆடுது."

"ஆடட்டும். கை ஆடுதா?"

பார்த்தேன். கை ஆடவில்லை. மூட்டை கட்டி, மூட்டை பிரித்து மூன்று வருடம் பழகிய கை. கயிற்றைப் பற்றிய விதத்தில் அது என்னைவிட நிதானமாக இருந்தது.

ஐந்து. ஆறு. சுக்குவின் கொம்பு தாடையில் குத்திக்கொண்டே வந்தது. எரிச்சலாக இருந்தது, அந்த எரிச்சல் நல்லதாகவும் இருந்தது. மேலே இருந்து லிங்கராஜ் அண்ணன், "வலது பக்கம் ஒரு பள்ளம் இருக்கு பாரு, அதுல காலைக் குடு. டைல்ஸ் பதிக்க மாதிரி, முழுப் பாதமும் ஒட்டணும்" என்றார். முழுப் பாதமும் ஒட்டினேன். நாற்பத்து மூன்றுவரை எண்ணியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது. நான் எண்ணிக்கை தவறவிட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. மறுபடி தொடங்கலாமா என்று யோசிப்பதற்குள் ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. மேலே இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் நின்றது. கடைசி அடியை நானே வைத்தேன்.

உச்சி நான் நினைத்த மாதிரி கூர்மையாக இல்லை. நடக்க இடம் இருந்தது. மற்றவர்கள் அகஸ்தியர் சிலைக்கு முன்னால் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் கும்பிட்டேன். பிறகு துப்பட்டாவை அவிழ்த்து, ஒரு கல்லைத் துடைத்து, சுக்குவை அதன்மேல் நிறுத்தினேன். அது நின்றது. நானும் நின்றேன்.

மூடுபனி விலகியது. மேற்கே காடு மடிப்பு மடிப்பாக இறங்கி, அதற்கு அப்பால் பேப்பாறை அணைத் தண்ணீர் தகடு மாதிரி மின்னியது. கிழக்கே திருநெல்வேலிச் சமவெளி.

"அந்தா தெரியுதுல்ல, அந்தப் பக்கந்தான் எங்க நாங்குநேரி" என்றார் லிங்கராஜ் அண்ணன்.

"எங்கே?"

"அந்தா, தூசி மாதிரி."

"எல்லாமே தூசியாத்தான் இருக்கு அண்ணே" என்றாள் சபீனா.

நான் நோட்டை எடுத்து, விரலை நனைத்துத் தூக்கிப் பிடித்தேன். ஒரு பக்கம் குளிர்ந்தது. சற்று நேரத்தில் மறுபக்கம் குளிர்ந்தது. மூன்று தடவை பார்த்தேன். காற்று மேற்கே இருந்தும் வந்தது, கிழக்கே இருந்தும் வந்தது.

"அண்ணே, அந்த மூணு மலையிலயும் மேல்காத்துன்னு எப்படிச் சொன்னீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "நீ கேட்டே, நான் சொன்னேன். மேக்கு எதுன்னு அங்க நின்னு யாரு பாத்தா?"

கோபம் வரவில்லை. என்னால் அவ்வளவு உயரத்தில் நின்றுகொண்டு யார்மேலும் கோபப்பட முடியவில்லை.

மூன்றாம் நாள் திரும்பும்போது அதே காவலர்தான் இருந்தார். பாட்டில், சரி. டார்ச், சரி. "ஆடு?"

எடுத்து மேசையில் வைத்தேன். திருப்பிப் பார்த்தார். "ஒரு கொம்பு எவிடே?"

"பண்டே இல்ல சார்" என்றேன், முதலிலிருந்தே இல்லை என்று. மலையாளத்தில் அவ்வளவு வேகமாக எனக்கு இதற்கு முன் வாயில் வந்ததில்லை.

"மேலே போயோ?"

"போயி."

"ஆடோ, நீயோ?"

"ரெண்டு பேரும்."

அவர் டிக் போட்டார். இந்தத் தடவை மீசைக்குக் கீழே பல் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பழைய பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். கிழித்தால் சுக்கு உண்மையாகவே ஏறியதும் போய்விடும். அதனால் மூன்று பக்கத்தின் ஓரத்திலும் சிவப்பு மையில் எழுதினேன்: 'கேட்டு எழுதியது. நாச்சியார் கீழே இருந்தாள்.' இன்னொரு கட்டமும் போட்டேன். கொண்டு போனவர்.

ஆண்டு நிறைவு நாளில் முப்பது பேர் இருந்தார்கள். முதல் மூன்று பக்கத்தையும் சிவப்பு வரியோடு சேர்த்தே வாசித்தேன். குரல் நான்காவது படியில் நின்றது போல ஆடியது. டீச்சருக்குப் பிடித்த அந்த மேல்காற்று வரி வந்ததும், பின் பெஞ்சிலிருந்து லிங்கராஜ் அண்ணன் எழுந்தார். "டீச்சர், அந்தக் காத்து என் தப்பு. ஆட்டு மேலயும் குத்தமில்ல, பிள்ள மேலயும் குத்தமில்ல." வகுப்பு முழுக்கச் சிரித்தது. டீச்சரும் சிரித்தார். பிறகு, "அடுத்த பக்கம் வாசி" என்றார்.

நான் நோட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வாசித்தேன்.

"மலை: அகஸ்தியர்கூடம். உச்சியைத் தொட்ட நேரம்: 11.49, சபீனாவின் போனில் 11.52. காற்று: இரண்டு பக்கமிருந்தும், மாறி மாறி. பயம்: சுக்குவுக்கு இல்லை. நாச்சியாருக்கு இருந்தது, மேலே போகும்வரை. கொண்டு போனவர்: நாச்சியார். பார்த்து எழுதியது."