அரை வார்த்தை

யோவானுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இங்கிலீஷ் வார்த்தை வரும். மிஷன் பங்களாவில் சமையல்காரராக இருந்தபோது துரைசாணி நிறுத்தி நிறுத்திச் சொன்னதைக் காதால் பிடித்துக்கொண்டவர். அதனால் அவர் வாயில் எல்லாம் முழுசாகத்தான் வரும்: போட்டோகிராப், பைசைக்கிள், எக்ஸாமினேஷன்.

ஊரில் அது பெருமை. மகன் ஞானதாசனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது, திருவனந்தபுரம் போய்க் காலேஜில் சேரும்வரை. அங்கே பையன்கள் எக்ஸாம், போட்டோ என்று வெட்டிப் பேசினார்கள். ஒருநாள் யோவான் முறுக்குப் பொட்டலத்தோடு ஹாஸ்டல் வாசலில் வந்து நின்று, "எக்ஸாமினேஷன் எப்பம் மக்கா?" என்று கேட்க, கூட நின்றவர்கள் சிரித்தார்கள். ஞானதாசனும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தான். பி.ஏ. படிக்கிற மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது.

கிறிஸ்மசுக்கு வந்தவன் அப்பாவுக்குப் பாடம் எடுத்தான்.

"எக்ஸாம்ணு சொன்னா போரும்ப்பா. நீட்டி இழுத்தா பட்டிக்காடுண்ணு நெனப்பாவ."

யோவான் புட்டு அவித்துக்கொண்டே எக்ஸாம், எக்ஸாம் என்று சொல்லிப் பார்த்தார். நாக்கு பாதியில் நிற்க மறுத்தது. அவர் விடவில்லை.

படிப்பு முடிந்ததும் குழித்துறைக்குப் பெண் பார்க்கப் போனார்கள். பெண்ணின் அப்பா சுந்தரராஜ், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் ஜெபகுமாரியைச் சபைக் கன்வென்ஷன் ஜெபக்கூட்டப் பந்தலில் பார்த்த நாளிலிருந்தே ஞானதாசனுக்கு அவள் நினைப்புத்தான்.

காப்பி வந்தது. யோவான் தொண்டையைச் செருமினார். "பய எக்ஸாம்ல பர்ஸ்ட் கிளாஸாக்கும். போட்டோகூட எடுத்திருக்கு." சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் மகனை ஓரக்கண்ணால் பார்த்தார்.

சுந்தரராஜ் முகம் சுளித்தார். "வார்த்தைய இப்பிடி அறுத்துப் போட ஆருவே ஒமக்குச் சொல்லித் தந்தது? எக்ஸாமினேஷன்ணு வாய் நெறயச் சொல்லும்."

ஞானதாசனுக்கு உடம்பெல்லாம் கூசியது. நான்தான் என்று சொல்ல வாயெடுத்தான். கதவுக்குப் பின்னால் ஜெபகுமாரியின் வளையல் சத்தம் கேட்டது. வாய் மூடிக்கொண்டது.

"அடுக்களையில கெடக்கவன் சார் நான்," என்றார் யோவான். "ஆரோ சொன்னதக் கேட்டுச் சொல்லிட்டேன். பய அப்பிடி இல்ல."

சுந்தரராஜ் ஞானதாசனைப் பார்த்தார்.

"ஆமா சார்," என்றான் அவன். "எக்ஸாமினேஷன்ணு சொல்லணும்ணு அப்பாட்ட எத்தனையோ மட்டம் சொல்லியாச்சு."

யோவான் தலையாட்டினார். மகன் சொல்வது மெய்தான் என்று சாட்சி சொல்கிற மாதிரி.

சம்பந்தம் முடிவானது. திரும்பும்போது ஆற்றுப் பாலத்தில் அப்பா நின்றார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஞானதாசன் பிழைத்திருப்பான்.

"கலியாணத்துக்கு நாலு பேரு வருவாவ மக்கா. நான் எதச் சொல்லணும், முழுசா, அரையா? நீ சொல்லு, அதச் சொல்லுகேன்."

வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். யோவான் திரும்பக் கேட்காமல் நடக்கத் தொடங்கினார்.

வேதக்கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, கல்யாணமும் நடந்தது. பந்தியில் யாரோ, "பையன் என்ன படிச்சிருக்கான்?" என்று யோவானிடம் கேட்டார்கள். அவர் சிரித்தார்.

"எனக்கு அதொண்ணும் சொல்லத் தெரியாது. அவன்ட்டயே கேளுங்க."

பக்கத்தில் மாலையோடு நின்ற ஞானதாசன் தலையைக் குனிந்துகொண்டான். மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள்.