டீ வந்தால் ஓவல்

கல்மண்டபத்துப் பட்டறையில் ஜெயவேலுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிகிற வாரம் வந்தால் இதே இழவுதான். அத்தனை நாளும் சும்மா கிடந்துவிட்டு, காசிமேட்டுப் படகு இன்ஜின்கள் எல்லாம் ஒரே மூச்சில் அவன் தலையில் வந்து விழும். அன்று தரையில் கிடந்தது படகுக்காரன் திருமலையின் இன்ஜின். கேஜை சிலிண்டருக்குள் விட்டு அளந்தான். துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தான். வட்டமாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் நீண்டு ஓவலாகிப் போயிருந்தது. ஏற்கெனவே கடைந்து கடைந்து பெரிதாக்கிய சிலிண்டர், இனிக் கடைய அதில் இரும்பில்லை. மாற்றிப் போடவும் உருப்படி கிடைக்காத பழைய இன்ஜின்.

ஓவல் என்பது வெள்ளைக்காரன் துறைமுகப் பட்டறையில் விட்டுப்போன சொல். முட்டையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம், அழகான முகத்தையும் கண்ணாடியையும் அப்படிச் சொல்வார்களாம். ஜெயவேலின் மகள் மகிழினி கல்லூரியில் படித்துவிட்டு வந்து சொன்னாள். யாருக்கு வேண்டும் அந்த அழகு! இந்தக் கரையில் ஓவல் என்றால் இன்ஜின் செத்தது என்று அர்த்தம். அதனால் அதை எடுத்த எடுப்பில் யாரிடமும் சொல்லமாட்டார்கள். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, குடித்து முடித்த பிறகுதான் சொல்வது. கேட்காமலே டீ வந்தால் படகுக்காரனுக்கு விஷயம் புரிந்துவிடும்.

திருமலைக்கும் டீ வந்தது. அவன் கிளாசைத் தொடவில்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணம், ஐஸ் விலை என்று ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தான். டீயில் ஆடை படர்ந்தது. தான் குடிக்காதவரை ஜெயவேல் வாயைத் திறக்கமாட்டான் என்று அவனுக்குத் தெரியும். கடைசியில் எழுந்து, இன்ஜினை அப்படியே பூட்டிக் கொடுத்துவிடு, நாளைக்கு விமல் படகைக் கொண்டுபோகிறான் என்றான். விமல் அவனுடைய ஒரே மகன்.

எத்தனையோ பேருக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லிச் சொல்லி மனசு மரத்துவிட்டது என்றுதான் ஜெயவேல் நினைத்திருந்தான். மரக்கவில்லை. வலித்தது.

“ஓவல் ஆயிட்ச்சி மாமு. நடுக்கடல்ல நின்னுட்டா இன்னா பண்ணுவ? புள்ளய அனுப்பாத.”

திருமலை டீ கிளாசைக் காட்டினான்.

“நா இன்னும் டீயே குடிக்கலியேப்பா,” என்றான்.

பிறகு உட்கார்ந்து, ஆறிப்போன டீயை ஆடையோடு எடுத்துக் குடித்தான்.