மூன்று வருஷத்து அடுப்பு

புது அடுப்பைப் பழைய அடுப்பாக்குவதற்கு மாயவனுக்கு மூன்று நாள்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை மண் குழைத்துப் போட்டான். புதன்கிழமை காலையில், ஈரம் காய்வதற்கு முன்பே, முள்விறகைத் திணித்துப் பெருந்தீ வைத்தான். பீங்கான் கம்பெனிச் சூளையில் பதினெட்டு வருஷம் விறகு தள்ளியவன் அவன். ஈரமண் எடுத்த எடுப்பில் பெருஞ்சூடு கண்டால் பிளந்துவிடும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒரு ஊறுகாய் ஜாடி பிளந்தால் மேஸ்திரி அம்மாவை இழுத்துத் திட்டுவான். இங்கே பிளக்க வேண்டும். பிளந்தது. விரிசலில் சாணியைக் கரைத்து ஊற்றிக் காயவிட்டு, மேலே ஒரு பூச்சு, அதன்மேல் தென்னமட்டைப் புகை, மறுபடி ஒரு பூச்சு. கஞ்சி பொங்கி வழிந்த தடம் வேண்டுமென்று வடிகஞ்சியை அடுப்பின் முகத்தில் ஊற்றிக் கருக விட்டான். வியாழக்கிழமை சாயங்காலம் பார்த்தபோது அவனுக்கே அந்த அடுப்பில் மூன்று வருஷம் சமைத்துத் தின்றது போல இருந்தது.

தம்பி காத்தவராயன் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து நின்று பார்த்தான். "நீ கம்பெனியில வேல செய்யறதே தண்டம்ண்ணே. கள்ள நோட்டு அடிக்கப் போயிருக்கணும்" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். தம்பி பெண்டாட்டி ராஜம்மாள் தன் அடுப்பிலிருந்து அடிக்கரி ஏறிய பழைய பானை ஒன்றைக் கொண்டுவந்து புது அடுப்பின்மேல் வைத்தாள். "இதையும் வையிங்க மாமா. அடுப்பு கெழவியாட்டம் இருந்து பானை கொமரியாட்டம் இருந்தா எவன் நம்புவான்?"

எழுபதாம் வருஷத்துப் பஞ்சாயத்துத் தேர்தலில் மாயவன் பதினொரு ஓட்டில் ஜெயித்திருந்தான். தோற்றவர் மளிகைக்கடை விருத்தகிரி. சூளைத் தெருவிலிருந்து இதற்குமுன் ஒருவனும் மெம்பர் ஆனதில்லை. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நின்று பேசிவிட்டு வருவதுதான் அந்தத் தெருவின் வழக்கம். மாயவன் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தான். முதல் கூட்டத்தில் முதுகைச் சாய்க்கத் தோன்றாமல் விளிம்பிலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். தெருவுக்கு ஒரு தண்ணிக்குழாய் என்று மனு எழுதி வைத்திருந்தான். பெண்கள் ரயில்வே லைனைத் தாண்டிப் போய்த் தண்ணி தூக்கினார்கள். போன வைகாசியில் குடத்தோடு தண்டவாளத்தில் விழுந்த ஒருத்திக்கு முழங்கால் சில்லு போய்விட்டது. அவனுக்கு ஓட்டுப் போட்டதே அந்தக் குழாய்க்காகத்தான்.

அடுத்த வாரமே விருத்தகிரி மனுப் போட்டார். பஞ்சாயத்துக் குப்பை வண்டி காண்டிராக்ட் மாயவனின் தம்பி பேரில் இருக்கிறது, அண்ணன் தம்பி ஒரே குடும்பம், காண்டிராக்டில் லாபம் பார்க்கிறவன் மெம்பராக இருக்கக் கூடாது என்று. மனுவில் இருந்ததெல்லாம் உண்மை. மாயவனின் பெண்டாட்டி பிரசவத்தில் செத்து எட்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவன் சாப்பாடு தம்பி வீட்டில்தான். வாரக்கூலியை ராஜம்மாளிடம் கொடுத்துவிடுவான். மாட்டுக்குப் புல்லறுத்துப் போடுவான். வண்டியின் அச்சு முறிந்தால் அவனும்தான் தோள் கொடுப்பான்.

ஆபீஸ் கிளார்க் கோதண்டபாணி நல்ல மாதிரி. தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். "தம்பி காண்டிராக்ட் எடுத்தா தப்பில்ல மாயவா. சட்டத்துல அப்பிடி ஒண்ணும் சொல்லல. ஒரே ஒலையில சோறு பொங்கித் தின்னா அது தப்பு. அவன் வருமானத்துல உனக்குப் பங்கு இருக்குதுன்னு அர்த்தம். வண்டி எடுத்து மூணு வருஷம் ஆவுது. அதுக்கு முன்னாடியே நீ தனி அடுப்புன்னு இருக்கணும். வெள்ளிக்கெழம கடலூர்லேர்ந்து ஆபீசர் வராரு. வூட்ட நேர்ல பாப்பாரு."

"நாயமான சட்டந்தான்" என்றான் மாயவன். மனதாரத்தான் சொன்னான். முந்தின தலைவர் தன் மச்சானுக்கே எல்லா வேலையையும் கொடுத்து, போட்ட ரோடு ஒரு மழையில் கரைந்து போனதை அவன் பார்த்திருக்கிறான்.

மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சார்ப்பில் கட்டில் போட்டார்கள். நடுவே பனையோலைத் தட்டி கட்டினார்கள். அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் மாயவன். ஆபீசர் போனதும் தட்டியைப் பிரித்துவிடுவதாகப் பேச்சு.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. ஆபீசர் வயசாளி. வேட்டி முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாட்டு மூத்திரத்தைத் தாண்டி வந்தார். அடுப்பின் முன் குந்தினார். விரிசலில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார், கரியை நகத்தால் சுரண்டினார். "பழைய அடுப்புதான்" என்று கோதண்டபாணியிடம் சொன்னார். கோதண்டபாணி தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். தெரு முழுக்க வேலிப்படலுக்கு அந்தப் பக்கம் நின்றது. விருத்தகிரியும் குடையோடு நின்றார்.

"எதுக்காகப் பிரிஞ்சிங்க?" என்று ஆபீசர் காத்தவராயனைக் கேட்டார்.

இதை யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. அடுப்பைப் பற்றிக் கேட்பார், எத்தனை வருஷம் என்று கேட்பார் என்றுதான் நினைத்திருந்தார்கள். காத்தவராயன் அண்ணனைப் பார்த்தான். மாட்டைப் பார்த்தான். "அது... சும்மாதாங்க" என்றான்.

"சும்மா எவனாவது பிரிவானாய்யா?" விருத்தகிரி வேலிக்கு வெளியிலிருந்து கேட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்தார்.

ராஜம்மாள் தூணை விட்டு முன்னால் வந்தாள். கையில் பெண் வாசுகி இருந்தது. நாலு வயசு.

"நான் சொல்றங்க. நான்தாங்க பிரிச்சன்" என்றாள். "அந்தாளுக்குப் பொண்டாட்டி போயிட்டா. ஒண்டியா கெடக்குறாருன்னு சேத்துக்கிட்டோம். மொதச் சோறு அவருக்குத்தாங்க எடுத்து வெக்கணும். மூத்தவரு. எம் புருஷன் மாட்டோட மாடா குப்ப வாரிட்டு வந்து அடிச்சோறு திங்கும். ஒரு நாளு மீன் வாங்குனா நடுக்கண்டம் அவருக்கு. எனக்குக் கொழம்பு. நான் வாய் தொறந்ததில்லீங்க. ஒரு வேட்டியில ஒரு கூட களிமண்ணு இருக்கும், அதையும் நான்தான் தொவச்சிக் கும்மணும். புள்ளத்தாச்சியா ஒம்போதாம் மாசத்துல கும்மியிருக்கேன். அதக்கூட வுடுங்க. கொழாயடி இல்ல, லைனுக்கு அந்தப் பக்கம் தண்ணிக்குப் போனா, என்னாடி ராஜம்மா, ஒருத்திக்கு ரெண்டு எலையான்னு கேக்குறாளுவ. என்னா மூஞ்ச வச்சிக்கிட்டு நான் கொடம் தூக்கிட்டு வர்றது? அந்தாளு காதுக்கு அது போயிருக்காது. போனாலும் வெளங்காது. அதான் தனியாப் பொங்கித் தின்னுய்யான்னு தட்டிய வச்சி அடச்சிட்டன்."

குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

ஆபீசர் எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். மீன், களிமண் வேட்டி, இரண்டு இலை உட்பட. பிறகு கோதண்டபாணி அதை வரி வரியாகப் படித்தார். ராஜம்மாள் சொன்னது எழுத்துத் தமிழில் இன்னும் மோசமாக இருந்தது.

"இந்தம்மா சொல்றதெல்லாம் நெசந்தானா?" ஆபீசர் மாயவனைக் கேட்டார்.

இல்லை என்றால் நாற்காலி போகும். குழாய் போகும். பொய் அடுப்புப் போட்டதற்கு என்ன தண்டனையோ அதுவும் வரும். ஆமாம் என்றால் அது கையெழுத்தோடு சர்க்கார் காகிதத்தில் இருக்கும். மாயவன் ராஜம்மாளின் முகத்தைப் பார்த்தான். ஆபீசரை ஏமாற்றுகிற முகமா, எட்டு வருஷம் காத்திருந்த முகமா என்று தெரியவில்லை. சூளைக்குள் கண்ணை இடுக்கிப் பார்த்து எந்த அடுக்கு வெந்தது, எது வேகவில்லை என்று சொல்லிவிடுகிறவனுக்கு அது தெரியவில்லை.

"நெசந்தாங்க" என்றான். கையெழுத்துப் போட்டான்.

ஜீப் போனதும் தெரு கலைந்தது. காத்தவராயன், "யப்பா, நல்லா சமாளிச்சடி" என்று சொல்லிவிட்டு வண்டி பூட்டப் போனான். ராஜம்மாள் தட்டியின் அந்தப் பக்கமாக வந்து நின்றாள். ஓலை இடுக்கில் புடவைச் சிவப்பு தெரிந்தது.

"மாமா. ஆபீசரு கேட்டாரேன்னு வாய்க்கு வந்தத சொன்னன். மனசுல வச்சிக்காதிங்க."

"சேச்சே. நல்லாத்தான் சொன்ன."

"ஒலை வச்சிருக்கேன். உங்களுக்கும் சேத்துப் போடட்டுமா?"

"தீர்ப்பு வரட்டும்மா. விருத்தகிரி ஆளு வச்சிப் பாத்துக்கிட்டிருப்பான்" என்றான்.

"அதுவும் சரிதான்" என்றாள். அவள் ஒரு தடவைதான் கேட்டாள். இன்னொரு தடவை கேட்டிருந்தால் போயிருப்பானோ என்று பிறகு பல நாள் நினைத்துக்கொண்டான்.

தீர்ப்பு வர நாலு மாசம் ஆயிற்று. மாயவன் தகுதியான மெம்பர் என்று வந்தது. விருத்தகிரி மேலே மனுப் போட்டார். கோதண்டபாணி, "காண்டிராக்ட் இருக்குற வரைக்கும் அப்பிடியே இருந்துக்க" என்றார். காத்தவராயன் மறுபடி காண்டிராக்ட் எடுத்து, இன்னொரு ஜோடி மாடு பிடித்தான். அந்தக் காண்டிராக்டுக்குக் கூட்டத்தில் ஓட்டுப் போடும்போது மாயவன் எழுந்து வெளியே போய் நின்றான். தலைவர், "நீதான் தனியா ஆயிட்டியே, ஒக்காருய்யா" என்றார். அவன் உட்காரவில்லை.

வேட்டியைத் தானே கும்மினான். களிமண் சுலபத்தில் போகாது என்பது நாற்பத்திரண்டு வயசில்தான் தெரிந்தது. சமையல் ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பதுதான் கைக்கு வரவில்லை. காலையில் மிஞ்சிய சோற்றை மாட்டுக்கு வைத்தான். தட்டிக்கு அந்தப் பக்கம் பேசுவது எல்லாம் கேட்கும். கேட்காத மாதிரி இருமிக்கொள்வான். இருமல் கேட்டதும் அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

மறுவருஷம் ஆனியில் சூளைத் தெருவில் குழாய் வந்தது. முதல் குடம் பிடித்த பெண் மாயவனுக்குச் சந்தனம் வைத்தாள். ராஜம்மாளும் வரிசையில் நின்றாள். எல்லோரையும் போல, "நல்லாருங்க" என்றாள்.

ஆவணியில் ஒரு நாள் கூட்டம் முடிகிற நேரத்தில் காத்தவராயன் ஆபீஸுக்கு வந்தான். வெள்ளை வேட்டி, கையில் வெற்றிலைத் தட்டு. வாசுகிக்குக் காதுகுத்து. தலைவருக்கு வைத்தான். கோதண்டபாணிக்கு வைத்தான். ஒவ்வொரு மெம்பருக்காக வைத்துக்கொண்டே வந்து மாயவன் முன்னால் நின்றான். சுற்றி எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மெம்பரும் அவசியம் வரணுங்க" என்றான் காத்தவராயன்.

மாயவன் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "வரங்க" என்றான்.

காதுகுத்து அன்று பந்தலில் முதல் பந்தியிலேயே மெம்பர்களை உட்கார வைத்தார்கள். ராஜம்மாள் வடைத்தட்டோடு வரிசையாக வந்தாள். அவன் இலையில் ஒன்று வைத்தாள். தயங்கி இன்னொன்றும் வைத்தாள். "நல்லா சாப்புடுங்க" என்றாள். அவன் இலையைப் பார்த்தபடி தலையாட்டினான். கை கழுவ யாரோ ஒரு பையன் சொம்பில் தண்ணி ஊற்றினான். வாசலில் தேங்காய், வெற்றிலை வைத்துப் பை கொடுத்தார்கள். காத்தவராயன் கும்பிட்டு, "போயிட்டு வாங்க" என்றான். மெம்பர்களோடு சேர்ந்து மாயவனும் வாசல் வழியாக வெளியே வந்தான்.

தெரு முனையில் மற்றவர்கள் பிரிந்து போனார்கள். அவன் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகத் தன் சார்ப்புக்குப் போகலாம். பந்தலில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். விருந்துக்கு வந்து வாசலில் கும்பிட்டு அனுப்பப்பட்டவன் கொல்லை வழியாக நுழைவதை யாராவது பார்த்தால் நன்றாகவா இருக்கும்? டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தான். ஒரு டீ, பிறகு இன்னொன்று.

"பஸ்ஸுக்கா மெம்பரு?" கடைக்காரர் கேட்டார்.

"ஆமா."

மங்கலம்பேட்டை பஸ் வந்து அவனுக்காகவே நின்றது. கண்டக்டர் கதவைத் திறந்து பிடித்தார். அங்கே அவனுக்கு யாருமில்லை. ஏறினான்.

பஸ் தெருவைக் கடந்தபோது ஜன்னல் வழியாகப் பந்தலைப் பார்த்தான். விருந்தாளிகள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். கடைசிப் பந்தி, வீட்டு ஆட்களின் பந்தி. இலை தீர்ந்து போயிருக்க வேண்டும். சாம்பார், ரசம், மிஞ்சிய பொரியல் எல்லாவற்றையும் ஒரே குண்டானில் கொட்டிப் பிசைந்து, வெறுந்தரையில் வட்டமாகக் குந்தியிருந்தவர்களின் கையில் ராஜம்மாள் ஆளுக்கொரு உருண்டையாக வைத்துக்கொண்டு வந்தாள்.