பெரிய கங்காணி காரை விட்டு இறங்கிய விதம்

கார் வந்த அன்று அங்கே இருந்தவர்கள்: பெரிய கங்காணி ரெங்கசாமி, அவர் மனைவி பெரியாயி, தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் செல்வரத்தினம், பதுளையில் மோட்டார் பட்டறை வைத்திருந்த மொஹிதீன், தொழிலாளர் லயங்களிலிருந்து வந்த இருநூறு பேர், இரண்டு நாய்கள், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த அழகையாவாகிய நான்.

காரை விற்ற துரை இல்லை. அவர் முந்தின வாரமே கப்பலேறிவிட்டார். 1956ஆம் வருஷம் அது. சீமைக்குத் திரும்பிய துரைமார் மேசை நாற்காலியை ஏலம் போட்டுவிட்டுப் போனார்கள். ஹாலிஎலவுக்கு மேலே இருந்த எங்கள் வெள்ளைக்கல் தோட்டத்துத் துரை, ஒரு இத்தாலிக் காரையும் கங்காணிக்கு விற்றுவிட்டுப் போனார். சின்ன வெங்காயத் தோலின் நிறம். கூரை கிடையாது. இரண்டே இருக்கை. அதுவும் தரையிலிருந்து ஒன்றரைச் சாண் உயரத்தில்.

நான் பதுளைப் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவன். நான்கு வருஷம் தேயிலை ஃபக்டரியில் இரவு வேலை பார்த்தேன். துரையின் டிரைவரிடம் ஓட்டப் பழகியிருந்தேன். அதனால் கங்காணி என்னைச் சேர்த்துக்கொண்டார். வேறு திறமை எதுவும் என்னிடம் இல்லை.

"கங்காணியார், இதுக்குள்ள இருந்தா றோட்டுத் தெரியுமோ, இல்லாட்டி ஆக்களின்ர முழங்கால் மட்டுந்தானோ?" என்று கேட்டார் செல்வரத்தினம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சிரிக்காமலே கேலி செய்வார்.

"காத்து தெரியும்ங்க," என்றார் கங்காணி.

"நாலு பேரு நிமிந்து உக்கார்ற மாதிரி காரு கேட்டேன்," என்றார் பெரியாயி. "இவரு தவளய வாங்கிட்டு வந்திருக்காரு."

மொஹிதீன் முன்மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டார். வெளியே வந்தபோது முகத்தில் பக்தி இருந்தது. "மொதலாளி, இது காரு இல்ல, மாப்பிள்ள. காலயிலயும் பின்னேரமும் ஒபசாரம் செஞ்சாத்தான் ஊட்டுல நிக்கும்."

ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்தது. இத்தாலியில் வலப்பக்கமாக ஓட்டுவார்களாம். எனவே நான் இடப்பக்கம் உட்கார, கங்காணி டிரைவரின் இடம்போலத் தெரிந்த வலப்பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கொழுந்து பறிக்கும் நல்லம்மா முதல் நாளே கத்தினாள்: "ஏய், பாருங்கடி! ஐயா ஸ்டீரிங்கு இல்லாமலே ஓட்டுறாரு!"

முதல் ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைக்குப் போனோம். ஹாலிஎல தாண்டி ஏற்றம் தொடங்கியதும் மிதித்தேன். எஞ்சின் பாடவில்லை, அலறியது. தெமோதரையில் மலையைச் சுற்றி வந்து தன் ஸ்டேசனுக்குக் கீழேயே நுழையும் ரயில், அந்த ஒரு சுற்றை முடிப்பதற்குள் நாங்கள் மூன்று வளைவுகளுக்கு அப்பால் இருந்தோம். கங்காணிக்கு ஐம்பத்தெட்டு வயது, இருநூற்றுப் பத்து ராத்தல் எடை. தலைப்பாகையைச் சால்வையால் தாடையோடு சேர்த்துக் கட்டியிருந்தார். பல்வலிக்காரர்போல இருந்தார். நாள் முழுக்க ஆட்களை ஏசுகிற அந்த வாய், பத்து மைல் ஒரு சொல் பேசவில்லை. பண்டாரவளைச் சந்தையில் நிறுத்தியதும் மெல்லச் சொன்னார்: "இன்னொரு தடவ போவமா, தம்பி?"

காய்கறி வாங்க வந்தவர்கள் நாங்கள் திரும்பி மலை இறங்குவதையும் மறுபடி ஏறி வருவதையும் பார்த்தார்கள். காய்கறி வாங்கவில்லை. பெட்ரோல் தீரும் தறுவாயில்தான் வீட்டுக்கு வந்தோம்.

சந்தோஷத்துக்கு விலை இருந்தது. காரின் வயிற்றுக்கும் தோட்டத்து ரோட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. முதல் மாதமே ஒரு கல் எண்ணெய்த் தொட்டியைக் கிழித்தது. மொஹிதீன் பழைய தேயிலை இயந்திரத்தின் இரும்புத் தகட்டை வெட்டி அடியில் கட்டினார். அதற்குப் பிறகு, ஓர் ஆள் கூடையோடு முன்னே நடந்து கல் பொறுக்க, மணிக்கு நூறு மைல் போகக்கூடிய கார் அவன் பின்னால் ஊர்ந்து வரும். மழை பெய்தால் பிளக் நனையும். நனைந்தால் இருபது பேர் தள்ள வேண்டும். தண்ணீர்ப் பம்பு ஒன்றுக்கு எழுதிப் போட்டோம். மூன்று மாதம் கழித்துக் கப்பலில் வந்தது. அது வேறொரு காருடையது.

"என் நாலு மாட்டுல மூணு அந்தத் தவள வயித்துக்குள்ள போயிருச்சு," என்று பெரியாயி பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். ஒரு தடவைதான் அவர் அதில் ஏறினார், பதுளைக் கோயிலுக்கு. தலையில் வைத்த பூ ஹாலிஎலவிலேயே பறந்துவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் வந்தார்.

அடுத்த வருஷம் புதுத் துரை வந்தார். நெட்டையானவர், எப்போதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர். அவருக்குக் கங்காணியின் கார் பிடிக்கவில்லை. அவருடையது பழைய ஜீப். ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து முடிந்ததும், எல்லார் முன்னாலும் செல்வரத்தினத்தை விட்டு ஓர் உத்தரவை வாசிக்க வைத்தார். தோட்டத்து ரோட்டில் துரையின் வாகனம் எதிரே வந்தால், கங்காணிமாரும் மற்றோரும் தங்கள் வாகனத்தை நிறுத்தி, இறங்கி நின்று சலாம் போட வேண்டும். செய்யாதவரின் வாகனம் தோட்டத்துக்குள் வரக்கூடாது.

இது பழைய வழக்கம்தான். தொழிற்சங்கம் வந்த பிறகு பல தோட்டங்களில் செத்துப்போயிருந்தது. எங்கள் தோட்டத்தில் துரையைத் தவிர வாகனம் வைத்திருந்தவர் ரெங்கசாமி ஒருவர்தான். ஆகவே "மற்றோர்" என்றால் யார் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கங்காணி வீடு தோட்டத்துக்குள், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு மைல் மேலே இருந்தது. கார் உள்ளே வரக்கூடாது என்றால் அதை விற்க வேண்டியதுதான்.

மூன்றாம் நாள் துரையின் ஜீப் எதிரே வந்தது. ரோடு குறுகல். மேட்டை ஒட்டி இடப்பக்கம் நிறுத்தினேன். என் கதவு மண்ணோடு ஒட்டிக்கொண்டது, திறக்க முடியாது. கங்காணி தன் கதவைத் திறந்தார். ஒரு கால் வெளியே போனது. மற்றது வரவில்லை. கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்து எக்கினார், பின்னால் விழுந்தார். நான் காரின் முதுகில் ஏறிக் குதித்து ஓடிவந்து அக்குளில் கை கொடுத்தேன். கடைசியில் நாலு காலில் ரோட்டுக்கு வந்தார். தலைப்பாகை ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் உருண்டது. எழுந்து சலாம் போட்டார். துரை தலையை அசைத்தார். மேலே கொழுந்து மலையில் நாற்பது பெண்கள் சிரித்தார்கள். நல்லம்மாவின் குரல் தனியாகக் கேட்டது: "காரு ஐயாவக் கன்னு போடுதுடி!"

கங்காணி நல்ல மனுஷர் என்று நான் சொல்லவில்லை. அவர் வரும்போது அதே பெண்கள் கானுக்குள் இறங்கி நின்றுதான் வழிவிட வேண்டும். அவர்கள் சிரித்ததில் தப்பே இல்லை.

வீட்டில் பெரியாயி, "வித்துத் தொலைங்க," என்றார். "மொஹிதீன் பாய் ஆள் பாத்து வச்சிருக்காரு. பதுள நகைக்கடக்காரரு. மாசக் கடைசி வரைக்கும்தான் காத்திருப்பாராம்."

கங்காணி கராஜுக்குள் போய் இருக்கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, நான் இறங்கி முடிக்கிற வரைக்கும் தொர என்னா செஞ்சாரு?"

"கடிகாரத்தப் பாத்தாருங்க."

"எத்தன தடவ?"

"மூணு தடவைங்க."

துடைப்பதை நிறுத்தினார். "என் கதவு தொறந்திருந்தா ஜீப்பு தாண்டிப் போக முடியுமா?"

"முடியாதுங்க. ரோடு பத்தாது."

"பின்னால எடுக்க முடியும்."

"எடுக்க முடியும்ங்க. ஆனா உங்களுக்காக ஒரு தொர பின்னால எடுப்பாரா?"

 அவர் மறுபடி இருக்கையைத் துடைக்கத் தொடங்கினார்.

மறுநாளிலிருந்து பெரிய கங்காணியைப்போல மரியாதை தெரிந்தவர் ஊவாவிலேயே இல்லை. துரை ஃபக்டரிக்குப் போகும் நேரத்தில் நாங்கள் எதிரே வந்தோம். மலைக்குப் போகும் நேரத்திலும் எதிரே வந்தோம். ஜீப்பைக் கண்டதும் நிறுத்துவேன். கங்காணி கதவை முழுசாகத் திறப்பார். முதலில் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து, மடித்து, இடுப்பில் கட்டுவார். செருப்பைக் கழற்றிக் காருக்குள் ஜோடியாக வைப்பார். தலைப்பாகையைத் தொட்டுப் பார்ப்பார். பிறகுதான் வலது கால். பிறகு கொஞ்சம் மூச்சு. எனக்கு உதவி செய்யக் கூடாது என்று உத்தரவு. இறங்கி, நிமிர்ந்து, இரண்டு கையாலும் அழகாக ஒரு சலாம் போடுவார். ஏறுவதற்கு அதைவிட நேரம் பிடிக்கும். ஏறிக் கதவை மூடினால்தானே ஜீப் போக முடியும்?

"சீக்கிரம், கங்காணி!" என்பார் துரை.

"இந்தா வர்றேங்க தொர. ஒடம்பு பாருங்க."

சட்டம் துரையுடையது. அதை மீறினால்தானே குற்றம்? கங்காணி ஒரு நாளும் மீறவில்லை. பத்தாம் நாள் செல்வரத்தினம் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "கங்காணியார், இந்தக் கிழமை மூண்டு நாள் கொழுந்து நிறுக்கேக்க துரை இல்லை. எங்கயெண்டு கேட்டன். றோட்டில மரியாதை வாங்கிக்கொண்டு நிக்கிறாராம்."

கங்காணி சிரிக்கவில்லை. "மாசக் கடைசிக்கு இன்னும் எத்தன நாள் இருக்குங்க, கிளாக்கரையா?"

"ஆறு."

"பெரிய ஏஜெண்டு எப்ப வர்றாரு?"

செல்வரத்தினம் கோப்பையைக் கீழே வைத்தார். கொழும்பிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து துரையையே கேள்வி கேட்கும் கம்பெனி அதிகாரிதான் பெரிய ஏஜெண்ட். துரையே பயப்படுகிற ஒரே ஆள். "நான் சொல்லக்கூடாது," என்றார் செல்வரத்தினம். கோப்பையை மறுபடி எடுத்துக்கொண்டு, "வியாழக்கிழமை விடிய வெள்ளனத் துரை சவரம் எடுப்பார் எண்டு நினைக்கிறன்," என்றார்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு மழை தூறத் தொடங்கியது. பிளக் நனைந்துவிடுமோ என்று எனக்குப் பயம். கங்காணி எஞ்சின் மேல் தன் கம்பளியைப் போர்த்தி வைத்திருந்தார். எடுத்ததும் ஒரே சுழற்சியில் பிடித்துக்கொண்டது. தோட்டத்து ரோட்டில், பாலத்துக்குக் கீழே உள்ள வளைவில் ஜீப் எதிரே வந்தது. துரை ஓட்டினார். பக்கத்தில் வெள்ளைத் தொப்பியும் வெள்ளை மீசையுமாகப் பெரிய ஏஜெண்ட். ஜீப்புக்கும் கூரை இல்லை. தூறல் மீசையில் நின்றது.

மேட்டை ஒட்டி நிறுத்தினேன். கங்காணி கதவைத் திறந்தார். சால்வையை எடுத்தார். மடித்தார்.

பெரிய ஏஜெண்ட் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். துரையின் காது சிவந்தது. ஃபக்டரியில் இவர்களுக்காக எல்லாரும் வரிசையில் நின்றிருப்பார்கள். மழை வலுத்தது. கங்காணி ஒரு செருப்பைக் கழற்றி, அதன் அடியைப் பார்த்து, மண்ணைத் தட்டினார்.

"கங்காணி!" துரை எழுந்து நின்று கத்தினார். "இறங்காதே! உட்காரு!"

"அது மரியாத இல்லைங்களே, தொர." வலது கால் வெளியே வந்தது.

"மரியாதை வேண்டாம்! காலை உள்ளே எடு!"

"இன்னிக்கு மட்டும் வேண்டாங்களா, தொர?"

மேலே கொழுந்து மலையில் ஒரு கை ஓடவில்லை. பெரிய ஏஜெண்ட் மீசையைத் துடைத்துக்கொண்டு துரையை ஒரு பார்வை பார்த்தார்.

"எப்பவும் வேண்டாம்!" என்றார் துரை. "எப்பவும் இறங்காதே! கதவை மூடு! போ! போ!"

"உத்தரவுங்க, தொர." உட்கார்ந்தபடியே சலாம் போட்டார். கதவை மூடினார். ஜீப் எங்களை உரசிக்கொண்டு போனது. நல்லம்மா மலைமேலிருந்து அடுத்த மலைக்குக் கேட்கும்படி கூவினாள்: "எப்பவும் வேணாமாம்டி! தொரயே சொல்லிட்டாரு!"

இதனால் உலகம் மாறவில்லை. நடந்து போகிறவர்களுக்கு இறங்க வாகனம் கிடையாது. அவர்கள் கானுக்குள் நிற்பது நிற்கவில்லை. ஆனால் கார் எங்களிடமே நின்றுவிட்டது. அன்றைக்கு எனக்கு அது போதும்.

"பண்டாரவளைக்கு விடு," என்றார் கங்காணி. விட்டேன். மழையில் நனைந்துகொண்டு, தெமோதரை வளைவுகளில் டயர் கீச்சிட, அவர் காருக்குள் முதல் தடவையாக வாய்விட்டுக் கத்தினார். என்ன கத்தினார் என்று எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. நானும் கத்தினேன். வழியில் ஒரு பஸ், இரண்டு லொறி, மரக்கறி ஏற்றிய மாட்டு வண்டி எல்லாவற்றையும் தாண்டினோம். திரும்பும்போது மொஹிதீன் பட்டறை வரைக்கும் போய், நகைக்கடைக்காரருக்குக் கார் இல்லை என்று சொன்னோம். இதற்குள் பின் டயர் ஒன்றில் நூல் தெரிய ஆரம்பித்திருந்தது. "புதுசு எத்தாலியில இருந்துதான் வரணும், மொதலாளி," என்றார் மொஹிதீன். கங்காணி ராஜாபோலத் தலையசைத்தார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து, கராஜுக்குள் காரை விட்டேன். பெரியாயி வாசலில் நின்றார். சங்கதி எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"எறங்குங்க. ஈரத்த மாத்திட்டுச் சாப்பிட வாங்க," என்றார்.

கங்காணி அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டார். "எறங்கக் கூடாது. தொர சொல்லிட்டாரு."

"அது ரோட்டுக்கு."

"எப்பவும்னாரு. எங்கன்னு சொல்லல. நீ வேணா தம்பிய விட்டுக் கேட்டுட்டு வரச் சொல்லு."

பெரியாயி என்னைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன்.

"சோத்த இங்க கொண்டா," என்றார் கங்காணி. "கறிய மறந்துறாத."

"ஒத்த மாடு மிச்சமிருக்கு. அதையும் டயருன்னு விக்கப் போறீங்க."

"ரெண்டு டயரு வேணும்."

 பெரியாயி சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து உருவினார். "அழகையா, நீ வெளிய வா," என்றார். வந்தேன். தகரக் கதவின் ஒரு பக்கத்தைத் தள்ளினார்; பிறகு மறுபக்கத்தைத் தள்ளினார். உள்ளே இருட்டில், பெரிய கங்காணி கையைக் கட்டியபடியே, வெங்காய நிறக் காருக்குள் ராஜாவாக உட்கார்ந்திருந்தார்.

"ஏய், பெரியாயி!"

"எறங்காதீங்க," என்று சொல்லிப் பூட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பி, ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.