சுவரில் ஒட்டிய கண்ணாடி

என் வீட்டுச் சுவரில் விரிசல் கிடையாது என்று பதின்மூன்று வருடங்களாகச் சொல்லிவந்தேன். ஒவ்வொரு தையிலும் வெள்ளையடிப்பதற்கு முன்னால், கூடத்து வடக்குச் சுவரை நானே கரணை பிடித்துப் பூசிவிடுவேன். கொத்தனாரைக் கூப்பிடுவதில்லை. கொத்தனார் பத்து வீட்டுக்குப் போகிறவன். ஒரு வீட்டில் பார்த்ததை இன்னொரு வீட்டில் பேசுவான். பூச்சு காய்ந்ததும் பீரோவை அங்கே தள்ளி நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது. சித்திரை வெயிலில் விரிசல் மறுபடி திறக்கும். பீரோவுக்குப் பின்னால் திறந்தால் யாருக்கு என்ன?

செம்பாக்கத்தில் இந்த மனையை வாங்கியபோது குடும்பத்தில் ஒருவருக்கும் சம்மதமில்லை. ஏரிக்குப் பக்கம், மழைக்குத் தண்ணீர் நிற்கிற இடம் என்றார்கள். கிரகப்பிரவேசத்தன்று அத்தனை உறவினர் முன்னாலும் நான் சொன்னேன்: "ரயில்வேயில இருபத்தைஞ்சு வருஷமா பாலம் பாத்துக்கிட்டிருக்கேன். எனக்கு மண் தெரியாதா?" அப்பா தலையசைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மூத்த பிள்ளை சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை.

அந்தச் சொல்லை நம்பித்தான் 2006இல் என் தம்பி துளசிங்கம் பக்கத்து மனையை வாங்க முடிவு செய்தான். ஐப்பசியில் பத்திரம் பதிவதாக ஏற்பாடு. "அண்ணா பாத்த மண்ணு. வேற யார்கிட்ட கேக்கணும்?" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். நான் மறுக்கவில்லை.

அந்த ஆனி மாதத்தில் ஒருநாள் என் மருமகள் தீபலட்சுமி அலுத்துப்போய் வீடு திரும்பினாள். பக்கத்துப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் புவியியல் எடுப்பவள்.

"பசங்க நம்பவே மாட்டேங்கறாங்க மாமா. கண்டம் நகருது, இமயமலை இன்னும் வளருதுன்னு சொன்னா சிரிக்கிறாங்க. அருண்ராஜ்னு ஒருத்தன் எழுந்து, 'தரை நவுந்துகினே கீதுன்னா எங்க வூடு இந்நேரம் வண்டலூர் ஜூவுக்குள்ள போயிருக்கணுமே மிஸ்'ங்கிறான்."

என் மகன் பிரேம் சிரித்தான். அவள் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுச் சுவர் வெயிலுக்கு ஒரு மாதிரி, மழைக்கு ஒரு மாதிரி இருக்குல்ல? பசங்க வந்து அளந்து பாத்தா..."

"எந்தச் சுவர்?"

அவள் பார்வை பீரோவுக்குப் போய்த் திரும்பியது.

"இந்த வீட்டு மானத்தைக் கரும்பலகையில எழுதப் போறியாம்மா?" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலை காபி டம்ளரை வைக்கும்போது, "அப்போ காம்பவுண்டு சுவர்?" என்று மட்டும் கேட்டாள். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் காம்பவுண்டு சுவர் வெடிக்காத தெரு ஏது? அதில் மானக்குறைவு ஒன்றுமில்லை. சரி என்றேன்.

சனிக்கிழமை ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே ஒட்டுவது திட்டம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். வராந்தாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாசியைக்கூடச் சுரண்டாமல் சிமெண்டை அப்பினார்கள். பொறுக்க முடியாமல் இறங்கிப் போய் நானே ஒட்டினேன். பாலங்களில் இப்படி எத்தனையோ ஒட்டியிருக்கிறேன்.

"தாத்தா, நீங்க இன்னா இஞ்சினியரா?" என்றான் அருண்ராஜ்.

"பாலத்துக்கு இன்ஸ்பெக்டர்."

"அப்ப உங்க வூட்ல எதுவும் ஒடையாது. வேற வூடு பாக்கலாம் மிஸ்!"

தீபலட்சுமி அவன் தலையில் நோட்டால் தட்டினாள். பிறகு பிள்ளைகளை உட்காரவைத்து, "இது கண்டம் நகர்றதால வந்த விரிசல் இல்ல. அந்த விசை பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல இருக்கு. இங்க கீழே இருக்கறது களிமண். தண்ணி குடிச்சா வீங்கும், காஞ்சா சுருங்கும். ஆனா ரெண்டையும் சும்மா நின்னு பாத்தா தெரியாது. தேதி போட்டு எழுதிக்கிட்டே வந்தாத்தான் தெரியும்" என்றாள். களிமண் என்று அவள் சொன்னபோது தெருவில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டேன்.

சரிதா என்ற பெண் நோட்டில் தேதி போட்டாள். அதன் பிறகு சனிக்கிழமை தவறாமல் வந்தார்கள். ஆடி, ஆவணி, புரட்டாசி. ஒவ்வொரு தேதிக்கு எதிரேயும் 'அசைவு இல்லை' என்றே எழுதினாள். "பூமி லீவுல கீது மிஸ்" என்றான் அருண்ராஜ். அந்த நோட்டை ஒருமுறை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் சனிக்கிழமை. துளசிங்கம் இன்னும் பதியாத பத்திரத்தின் நகலோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். சுவர்ப் பக்கமிருந்து அருண்ராஜின் கூச்சல் கேட்டது.

"மிஸ்! ஒடஞ்சிபூச்சு மிஸ்! நெஜமாவே ஒடஞ்சிபூச்சு!"

துளசிங்கம் எழுந்து போய்ப் பார்த்தான். கண்ணாடி நடுவில் நேர்கோடாக முறிந்திருந்தது.

"என்னண்ணா இது?"

"பசங்க பந்து விளையாடியிருப்பாங்க" என்றேன். யோசிக்கவே இல்லை, அவ்வளவு சுலபமாக வந்தது.

அருண்ராஜின் முகம் சுருங்கிவிட்டது. "நான் தொடவேல்ல தாத்தா. எங்கம்மா மேல சத்தியம்." மற்ற பிள்ளைகள் அவனை விட்டு ஓரடி தள்ளி நின்றார்கள்.

தீபலட்சுமி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். பையன் தொடவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் என் தம்பியின் முன்னால் என் பேச்சு பொய் என்று அவள் காட்டமாட்டாள். தன் மாணவனை விட்டுக்கொடுத்து இந்த வீட்டின் மானத்தைக் காத்து நின்றாள்.

"மிஸ், இன்னா எழுதட்டும்?" சரிதா பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். "பசங்க ஒடச்சாங்கன்னு எழுதவா?"

வேலையில் இருந்த காலத்தில், பார்க்காத பாலத்தைப் பார்த்ததாக ஆய்வுப் பதிவில் எழுதிய ஒருவனை அன்றைக்கே தண்டவாள ட்ராலியிலிருந்து இறக்கிவிட்டவன் நான். அவன் கெஞ்சினான். இரங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பொய்க் கையெழுத்துக் கிடையாது என்று அவனிடமே சொன்னேன்.

"சுவர் அசைஞ்சதுன்னு எழுதும்மா" என்றேன். "பையன் தொடல. நான் சொன்னது தப்பு."

பிறகு, "ஸ்கேலை எடுத்துக்கிட்டு எல்லாரும் உள்ள வாங்க. துளசி, நீயும் வா. ஒரு கை பிடி."

எதற்கென்று கேட்காமலே அவன் பீரோவின் மறுமுனையைப் பிடித்தான். நகர்த்தினோம். தரையிலிருந்து தலையுயரம் வரை செங்கல் செங்கலாகப் படியேறிப் போயிருந்தது விரிசல். பிள்ளைகள் ஸ்கேலோடு நெருங்கி வந்தார்கள்.

"இது எப்போலேர்ந்து கீது தாத்தா?" என்று கேட்டாள் சரிதா. எழுதிக்கொள்வதற்காகத்தான் கேட்டாள்.

"வீடு கட்டின வருஷம். முதல் மழையிலேர்ந்து."

துளசிங்கம் சுவரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் சொல்லல."

"சொல்லல. பக்கத்து மனையும் இதே களிமண்தான். வாங்காதே."

பத்திர நகலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். எப்போதும் சொல்கிற 'வரேண்ணா'வைச் சொல்லவில்லை. கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. கூடத்தில் நாலு மில்லியா அஞ்சு மில்லியா என்று பிள்ளைகள் சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள்.

மூத்தவன் யார் பின்னாலும் போவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். முழங்கால் வரை சேறு தெறித்தது. அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? முப்பது நாற்பது அடி பின்னாலேயே நடந்தேன்.

முனையில் பஸ் வரும் ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் துளசிங்கம் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. நான் வந்து சேரும் வரை அப்படியே நின்றான்.