நார்மல் ரிப்போர்ட்

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனியில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். சர்க்கரை அதிகமாக இருந்தால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். அதனால் தேதி தெரிந்ததும் மனிதர் முனிவர் ஆகிவிடுவார். மூன்று நாள் வெள்ளரிக்காயும் வெந்நீரும்தான். விருந்தாளி வரப்போகிறார் என்றதும் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிற கதை. ரத்தம் கொடுத்துவிட்டு நேராக பேக்கரிக்குப் போய், கிடந்த பட்டினிக்கெல்லாம் வட்டியும் முதலுமாகச் சாப்பிட்டுத் தீர்ப்பார்.

"பாத்தியா? நார்மல்!" என்று ரிப்போர்ட்டை என் மூக்குக்கு நேரே ஆட்டுவார்.

"யாரை ஏமாத்தறீங்க? உங்க ரத்தத்தையேவா?"

"உனக்கென்ன தெரியும்? நீ என்ன டாக்டரா?"

அப்புறம்தான் கால் தொல்லை ஆரம்பித்தது. சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்தால் போதும், கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்கிறது என்பார். எழுந்து நடந்தால் அடங்கும். உட்கார்ந்தால் மறுபடியும் ஊரும். படுக்கையில் அவர் உதைத்த உதையில் நான் கூடத்தில் பாய் போட்டுக்கொண்டேன்.

"ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காதாம். அப்பா முன்னாடி டான்ஸராம்மா?" என்று மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்கமில்லாத மனிதர் விடிந்ததும் ஒரு பஸ் நிறைய ஜனங்களை ஏற்றிக்கொண்டு போகிறாரே என்றுதான் என் கவலை.

நச்சரித்து ஒரு டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

"சர்க்கரை இருக்கா?"

"இல்ல சார். ரிப்போர்ட் நார்மல்."

"பட்டினி கிடந்து எடுத்த ரிப்போர்ட் சார்" என்றேன். இவர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். டாக்டர், "அவரே பேசட்டும்மா" என்று சொல்லி, களைப்புக்குச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இந்த வருஷம் கம்பெனியில் பரிசோதனையையே மாற்றிவிட்டார்கள். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற பரிசோதனை. அதனிடம் வெள்ளரிக்காயின் ஜம்பம் சாயவில்லை. கம்பெனி டாக்டர் இவர் பாதத்தை அங்கங்கே குத்திப் பார்த்தார். பாதி இடத்தில் இவருக்குத் தெரியவே இல்லை.

"சர்க்கரை ரொம்ப நாளா இருக்கு. நரம்பு கெட்டுப்போச்சு. சர்க்கரைக்காரங்களுக்கு இந்த மாதிரி கால் அடங்காம இருக்கறது நிறையவே வரும். முன்னாடியே வந்திருந்தா இவ்வளவு முத்த விட்டிருக்க மாட்டோம். இது பிரேக் மிதிக்கற கால். இனிமே பஸ் வேணாம்."

டிப்போவில் பாஸ் கொடுக்கும் கவுண்டரில் போட்டார்கள். கிளட்ச், பிரேக் என்று வேலை இருந்ததால் கால்கள் அடங்கிக் கிடந்த ஒரே இடம் அந்த டிரைவர் சீட்தான். இப்போது நாள் முழுக்க கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி. எழுந்து நின்றால் வரிசையில் இருப்பவர்கள் கத்துகிறார்கள்.

முதல் நாள் வேலை முடிந்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார்.

"அன்னிக்கே டாக்டர்கிட்ட நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

காலி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"ஆமா. எல்லாம் என் தப்புதான்" என்றேன்.

சரிதான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, மறுபடியும் நடக்க ஆரம்பித்தார்.