அம்மா சாகிற பாட்டு

கென்டக்கியில் எங்கள் ஊர் கிளப்பில் வெள்ளிக்கிழமை என்றால் சோகப் பாட்டுதான். மனைவி ஓடிப்போகாத பாடகனுக்கு மேடை கிடைப்பதே கஷ்டம். எங்கள் குழுவின் டர்வுட்டுக்கு மனைவியே கிடையாது. அதனால் தன் அம்மா சாகிற மாதிரி ஒரு பாட்டுக் கட்டினான். அவனைப் பெற்ற அம்மா லோரீனோ கிளப் வாசலோரம் உட்கார்ந்து எங்கள் குழுவின் டீ-ஷர்ட் விற்பார்.

போன மாதம் லோரீனுக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினார். நேற்று கடைசிச் சரணத்துக்கு வந்ததும் டர்வுட் பாட்டை நிறுத்திவிட்டு, வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். நானும் பாஞ்சோத் தந்தியில் ஒரே மெட்டை எவ்வளவு நேரம்தான் சுற்றுவது?

லோரீன் மேடையேறினார்.

"தள்ளுடா. என்னைச் சாகடிக்கவும் நானே வரணுமா?"

மைக்கைப் பிடுங்கி, தன் சாவைத் தானே பாடி முடித்தார். சுதி கொஞ்சம் விலகியது. முன்னால் நின்ற லாரி டிரைவர் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நேற்று டீ-ஷர்ட் எல்லாம் விற்றுப்போயின.

காலிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது டர்வுட் முனகினான். "இனிமே அந்தப் பாட்டு வேண்டாம்மா."

"நான் இருக்கிறப்பவே பாடிக்கோடா," என்றார் லோரீன். "அப்புறம் உன்னால முடியாது."